எனக்கும் மாமாவுக்கும் நடுவே இரண்டு கோடு

என் தலையின் அகலத்தை முதன்முதலில் அளந்தவள் ஒரு பட்டணத்துப் பெண். எங்கள் வீட்டுக் கூடத்தில் முக்காலி போட்டு என்னை உட்கார வைத்தாள். வளைந்த இரண்டு கால்கள் கொண்ட ஓர் இரும்புக் கருவியைக் காதுகளுக்கு மேலே பொருத்தினாள். அதிலிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "நல்லது" என்றாள். எது நல்லது என்று சொல்லவில்லை. தலை அகலமாக இருப்பது நல்லதா, குறுகலாக இருப்பது நல்லதா என்று கேட்டேன். "ரெண்டும் இல்லே. அளவு கிடைச்சது நல்லது" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தது என் குழப்பம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் உத்திரமேரூரில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, பக்கத்துக் கிராமமான எங்கள் ஊரில், கல்யாணத்துக்குக் காத்துக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருந்தேன் என்றால் மாடு, சாணி, அடுப்பு, களத்தில் நெல் காயப்போடுவது எல்லாம் சேர்ந்த சும்மா. அந்த வருஷம் பட்டணத்திலிருந்து மானிடவியல் படிக்கிற ஒரு கூட்டம் எங்கள் பக்கத்துக் கிராமங்களைப் பார்க்க வந்தது. ஒரு புரொபசர், இரண்டு பையன்கள், இந்தப் பெண். ஆண்கள் உத்திரமேரூரில் பிளாக் ஆபீஸ் பக்கத்துக் கட்டடத்தில் தங்கினார்கள். பெண்ணை எங்கே தங்க வைப்பது என்று ஆபீசர் யோசித்து, எங்கள் நைனாவைக் கேட்டார். நைனா பஞ்சாயத்து உறுப்பினர். வீட்டில் எங்களிடம் புலி. ஆபீசர் என்றால் மறுத்துப் பேச வாய் வராது. அப்படித்தான் அவள் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு தெர்மாஸ் பிளாஸ்க்குமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

என்னைவிட இரண்டு மூன்று வயசுதான் கூட இருக்கும். அக்கா என்று கூப்பிட்டேன். ஊருக்கு அவள் டாக்டரம்மா. அளக்கிறாள், ஊசியால் குத்துகிறாள், வெள்ளைச் சேலை கட்டுகிறாள், வேறு யாராக இருக்க முடியும்? முதுகு வலிக்கும் மாந்தத்துக்கும் மருந்து கேட்டு வந்தவர்களிடம், "நான் டாக்டர் இல்லேங்க, மனுஷங்களைப் பத்திப் படிக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். மனுஷனைப் பற்றிப் படிக்கிறவளுக்கு மனுஷனின் முதுகுவலி ஏன் தெரியவில்லை என்று ஊருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

அவளுக்கே அது முதல் வருஷப் படிப்பு. மத்தியானம் சாப்பிட்டதும் தூணில் சாய்ந்துகொண்டு தடியான ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை வாய்விட்டுப் படிப்பாள். அதில் மண்டை ஓடுகளை வரிசையாக வைத்து எடுத்த படம் ஒன்று. இந்தக் கோடியில் புருவ எலும்பு துருத்திக்கொண்டு, தாடை முன்னால் நீண்டு ஒன்று. அந்தக் கோடியில் நம்மைப்போல ஒன்று. நடுவில் இருந்ததெல்லாம் இதுவுமில்லை அதுவுமில்லை. மனுஷன் எந்த ஓட்டிலிருந்து மனுஷன் ஆனான் என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னேன். அவள் விரல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய், திரும்ப வந்து, கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டது. "அப்படி ஒரு இடத்துல கோடு கிழிக்க முடியாது" என்றாள். கோடு கிழிக்க முடியாத ஒன்றை எப்படி இத்தனை தடியாக எழுதினார்கள் என்று எனக்கு ஆச்சரியம்.

தெருத்தெருவாகப் போகும்போது என்னையும் அழைத்துக்கொண்டாள். அவள் கேட்கும் கேள்வி எங்கள் பெண்களுக்கு விளங்காது, அவர்கள் சொல்லும் பதில் அவளுக்கு விளங்காது. நடுவில் நான். "உங்க கணவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்பாள்.

"இன்னா உறவா? புருசன்தான்!" என்று ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

"இல்லீங்க, கல்யாணத்துக்கு முன்னாடி?"

"மாமன்."

"இப்போ?"

"இப்பவும் மாமன்தான். பின்ன இன்னா, கண்ணாலம் ஆனா தம்பியா ஆயிடுவாரு?"

இந்தப் பதில்களை வைத்து அவள் படம் போடுவாள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், புருஷன் பெண்சாதிக்கு நடுவில் ஒரு கோடு. எங்கள் தெருவைப் படம் போட்டதில் கோடுகள் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றன. ஒரே ஆள் மகளாக ஓரிடத்திலும் மருமகளாக இன்னோரிடத்திலும் வந்தாள். ஒரு நாள் முழுக்க அழிரப்பரை வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்தேபோயிற்று.

அடுத்து எங்கள் குடும்பத்துக்கு வந்தாள். அம்மா, நைனா, நான். அம்மாவுக்குப் பக்கத்தில் அம்மாவின் தம்பி, அதாவது என் தாய்மாமன். எனக்கு யாரோடு கல்யாணம் என்று கேட்டாள். அந்த முக்கோணத்தின் மேலேயே விரலை வைத்தேன். அவள் என் வட்டத்திலிருந்து அந்த முக்கோணத்துக்கு இரண்டு கோடு போட்டாள்.

"ஏங்க்கா எனக்கு மட்டும் ரெண்டு?"

"சொந்தத்துல கல்யாணம்னா ரெண்டு போடணும்."

"எதுக்கு?"

சொல்லலாமா வேண்டாமா என்று அவள் யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு அம்மாவின் முறத்திலிருந்து நாலு அவரைக் கொட்டைகளை எடுத்துத் தரையில் வைத்தாள். நம் உடம்பில் எல்லாம் ஜோடி ஜோடியாக இருக்கிறதாம். ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. ஒன்று சொத்தையாக இருந்தாலும் மற்றது நல்லதாக இருந்தால் வெளியே தெரியாது. பிள்ளைக்கு இரண்டுமே சொத்தையாக வந்துவிட்டால்தான் தெரியும். காது கேட்காமல் பிறக்கலாம், பேச்சு வராமல் போகலாம், புத்தி வளராமல் போகலாம். சொந்தக்காரர்கள் என்றால் ஒரே தாத்தாவிடமிருந்து ஒரே சொத்தை இரண்டு பேருக்கும் வந்திருக்கலாம்.

"எங்கிட்ட சொத்தை இருக்குதா?"

"தெரியாது."

"மாமாகிட்ட?"

"தெரியாது."

"ஒண்ணும் தெரியாம எதுக்கு ரெண்டு கோடு?"

"போடணும்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றாள் பாவம்.

எனக்கு மாமாவைப் பிடிக்கும். சுற்றி வளைப்பானேன், ரொம்பவே பிடிக்கும். என்னைவிடப் பத்து வயசு பெரியவர். சொந்த ஊர் மாகறல். வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் இன்ஜின் பார்த்துக்கொள்ளும் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் காது மடலில் தவிட்டுத் தூசியும் கையில் பக்கோடாப் பொட்டலமும் இருக்கும். நான் பிறந்ததிலிருந்தே இவள் இவனுக்கு என்று பேசிவைத்தது. யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்காததில் எனக்குக் குறையும் இல்லை, நானே கேட்டிருந்தாலும் அவரைத்தான் கேட்டிருப்பேன். இப்போது இந்த இரண்டு கோடு வந்து நடுவில் படுத்துக்கொண்டது. இவரைக் கட்டினால் என் பிள்ளை ஊமையாகப் பிறக்குமா? எனக்குத் தெரியவேண்டியது இது ஒன்றுதான்.

நானே தெருவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேலண்டை வீட்டில் தன் அக்கா மகளைக் கட்டியவருக்கு அஞ்சும் ஆண்பிள்ளை, அஞ்சும் ஏற்றம் இறைக்கிற உடம்பு. எதிர்வரிசையில் சொந்தமே இல்லாத இடத்தில் பெண் எடுத்தவரின் மகனுக்குக் காது கேட்காது. அம்மாவுக்கு நைனா அத்தை மகன். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஏன் என்று கேட்டால் அம்மா, "அம்மை வந்து பூட்டுது, அதுக்கு இன்னா இப்போ?" என்பாள். ஒருவேளை அம்மைதானோ, ஒருவேளை கோடுதானோ. போட்ட கணக்கில் ஒன்றும் தேறவில்லை.

அக்காவைக் குடைந்தெடுத்தேன். உலகத்தில் உள்ள எல்லா மனுஷரும் ஆதியில் ஒரே கூட்டத்திலிருந்து வந்தவர்கள் என்று அவளே சொல்லியிருந்தாள். அப்படியென்றால் எல்லாரும் சொந்தம்தானே, எல்லாருக்கும் இரண்டு கோடு போட வேண்டாமா என்றேன். தூரத்துச் சொந்தத்துக்குப் போட வேண்டாம் என்றாள். எவ்வளவு தூரம் என்றேன். பென்சிலைக் கடித்தாள். அந்தக் காலத்தில் காட்டில் முப்பது நாற்பது பேராகத் திரிந்தவர்கள் மாமனைக் கட்டாமல் வேறு யாரைக் கட்டியிருப்பார்கள், அவர்கள் பிள்ளைகள் எல்லாம் ஊமையாகவா பிறந்தார்கள், அப்புறம் பேச்சு எப்படி வந்தது என்றேன். "இதை சார்கிட்டே கேக்கணும்" என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

இதைவிட மோசமாக இன்னொன்று சொன்னாள். எங்களுக்கு மாமன் மகன் முறைப்பையன், கட்டலாம். சித்தப்பா மகன் அண்ணன், கட்டுவது என்ன, அப்படிச் சொன்னாலே நாக்கு அழுகிவிடும். அவளுடைய படிப்பில் இரண்டு பேரும் ஒரே தூரமாம். அன்று சாயங்காலம் சித்தப்பா மகன் வைக்கோல் கேட்டு வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் வெளியே நின்று, "இன்னாத்துக்கு இந்தப் பொண்ணு மூஞ்ச திருப்பிக்கினு போவுது?" என்று அம்மாவைக் கேட்டது என் காதில் விழுந்தது.

ரத்தம் பார்க்கிற நாள் வந்தது. அதற்கான மருந்து கெடாமல் இருக்கக் காஞ்சிபுரத்திலிருந்து மரத்தூளில் பொதிந்த ஐஸ் பஸ்ஸில் வந்து இறங்கியது. புழக்கடைப் படியில் வெள்ளை ஓடு ஒன்றை வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தாள். விரலில் குத்தி ஒரு சொட்டு இங்கே, ஒரு சொட்டு அங்கே. ஒன்றில் நீல மருந்து, ஒன்றில் மஞ்சள் மருந்து. அன்றைக்கு மாமாவும் வந்திருந்தார். என்னைக் குத்தியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன், சந்தோஷமாக இருந்தது. எங்கள் நிலத்தில் நடவு நடுகிற பெண் ஒருத்தியையும் அக்கா சேரியிலிருந்து வரச்சொல்லியிருந்தாள். அவள் புழக்கடை வேலியோரம் நின்றபடி கையை நீட்டினாள். "பாத்து குத்துங்கம்மா, நாளிக்கி சேத்துல கைய வெக்கணும், சீழ் புடிச்சா எனக்குத்தான் பேஜாரு" என்றாள்.

மூன்று பேர் ரத்தமும் ஒரே ஓட்டில் இருந்தது. என்னுடையதும் நடவுக்காரியுடையதும் இரண்டு மருந்திலும் சும்மா கிடந்தன. மாமாவுடையது மஞ்சள் மருந்து பட்டதும் துகள் துகளாகத் திரிந்துவிட்டது. பால் திரிவதுபோலவேதான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு அலறினாள்.

"ஐயையோ, இன்னா இது! என் தம்பி ரத்தம் திரிஞ்சி பூட்டுதே!"

"ஒண்ணுமில்லேம்மா, அது ஒரு வகை. இவங்க ரெண்டு பேரும் வேற வகை." அக்கா என்னையும் நடவுக்காரியையும் காட்டினாள். "ரெண்டு பேருக்கும் ஒரே வகை. இவங்களுக்கு ரத்தம் வேணும்னா அவங்க கொடுக்கலாம்."

"எந்தம்பி குடுக்கலாமா எம்பொண்ணுக்கு?"

"கூடாதும்மா. அவரோடது இவங்களுக்குச் சேராது."

அம்மா அதற்கு மேல் எதையும் காதில் வாங்கவில்லை. நடவுக்காரிதான் சிரித்தாள். "அப்போ நீ எங்கனா வுழுந்து வெச்சா நாந்தான் ஓடியாரணுமா சின்னம்மா? அதுக்குத் தனிக் கூலி குடுக்கணும், சொல்லிட்டேன்!" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் தண்ணீர் கேட்டாள். வேலியில் கவிழ்த்து வைத்திருந்த அவளுக்கான தகரக் குவளையில் எட்ட நின்று ஊற்றினேன். ஊற்றும்போதுதான் மண்டைக்குள் ஏதோ இடித்தது. இவள் ரத்தம் எனக்குள் வரலாம், இவள் குவளை எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது. சொந்த ரத்தம் சொந்த ரத்தம் என்கிற மாமாவின் ரத்தம் எனக்கு ஆகவே ஆகாது. அப்படியானால் சொந்தம் என்று நாங்கள் எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம்? அவள் குடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். டாக்டரம்மா ரத்தத்தில் பொருத்தம் பார்க்கிறாள் என்று சேதி பரவியிருந்தது. ஒருத்தி மகனையும் வரப்போகிற மருமகளையும் இரண்டு கையிலும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒருவர் பெண்ணின் ஜாதகத்தையும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார், ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவாம். கல்யாணமாகி இருபது வருஷமான ஒருவர், "எங்களுக்கு ஒரு நாளும் ஒத்து வரல, ரத்தம்தான் காரணமான்னு பாத்து சொல்லும்மா" என்று கையை நீட்டினார். பொருத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அக்கா எத்தனை சொல்லியும் ஒருத்தர் நகரவில்லை. அத்தனை பேர் ரத்தம் ஒரே நாளில் கிடைத்ததில் அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள். "திரிஞ்சி பூட்டுதே, எங்கண்ணால பாத்தேனே. சேராதுன்னு வாயால சொன்னாளே. தெரிஞ்சே எப்படி குடுக்கறது?"

"ஒரு சொட்டு ரத்தத்துக்காவ உறவ அறுத்துக்கினு நிக்க சொல்றியா?" என்று நைனா கத்தினார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவையும் அம்மாவையும் எதிரும் புதிருமாக உட்கார வைத்தேன். "ரொம்ப கிட்டன்னு நீங்க சொல்றீங்கக்கா. சேரவே சேராதுன்னு அம்மா சொல்லுது. மாமா எனக்குக் கிட்ட கீறாரா, தூரமா கீறாரா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, பேஜாரா கீது!"

அக்கா மெதுவாக, "ரெண்டுமே நிஜம்தான். அது வேற கேள்வி, இது வேற கேள்வி" என்றாள். எனக்கு இருந்தது ஒரே ஒரு கல்யாணம். அதற்கு எத்தனை கேள்வி?

ஞாயிற்றுக்கிழமை புரொபசர் ஜீப்பில் வந்தார். வழுக்கைத் தலை, தணிந்த குரல். மோர் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். அக்கா எனக்காகப் பேச வாயைத் திறந்தாள். நானே கேட்டேன். "சார், தாய்மாமனைக் கட்டிக்கிட்டா எனக்குப் பொறக்கற புள்ள நல்லா பொறக்குமா, பொறக்காதா?"

"நல்ல கேள்வி" என்றார். நல்ல கேள்வி என்று சொல்கிறவர்களிடம் பதில் இருக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்து யோசித்துச் சொன்னார். ஆயிரம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் ஏதோ சொல்லலாம், அதில் சொந்தத்தில் கட்டியவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகக் குறை வரும். ஒரு கல்யாணத்தைப் பற்றி யாராலும் சொல்ல முடியாது. "பெரும்பாலும் நல்லாத்தான் பிறக்கும்மா. ஆனா நிச்சயம்னு சொன்னா நான் பொய் சொல்றவன் ஆயிடுவேன்."

நல்ல மனுஷர். பொய் சொல்லாததற்காக அவர்மேல் எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அதற்குள் சேதி வாலாஜாபாத்துக்குப் போய், மாமா மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டார். சாயங்காலம் நான் பம்ப்செட் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது நேரே அங்கே வந்தார். நாங்கள் தனியாகப் பேசியதே இல்லை. தொட்டியின் அந்தப் பக்கம் நின்றார்.

"உங்கம்மா இன்னாடான்னா ரத்தம் சேரலன்னு அழுவுது. அந்தப் பொண்ணு ரொம்ப சேந்துடுச்சின்னு சொல்லுதாம். நீ இன்னா சொல்ற?"

"எனக்கு ஒண்ணும் புரியல மாமா."

"எனக்கும்தான் புரியல. அது கெடக்கட்டும். என்ன கட்டிக்க உனக்கு இஷ்டமா, அத சொல்லு."

என்னை ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை. "இஷ்டம்தான்" என்று பட்டென்று சொல்லிவிட்டு வெட்கத்தில் துணியைப் போட்டு அடித்தேன். பிறகு, "ஆனா பயமாவும் கீது" என்றேன். அவரைக் கொட்டைக் கதையை முழுக்கச் சொன்னேன். ஊமை, செவிடு எல்லாம் சொன்னேன். அவர் காதில் ஒட்டியிருந்த தவிட்டை விரலால் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் ஆவாது. என் கிட்ட எந்தச் சொத்தையும் இல்ல" என்றார். மில்லில் மூட்டையிலிருந்து நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டுச் சொல்வதுபோல அத்தனை உறுதியாகச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. புரொபசருக்கே தெரியாதது இவருக்கு எப்படித் தெரியும்?

அம்மா மட்டும் சமாதானம் ஆகவில்லை. மாகறல் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம் என்றாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டுவிட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் கல்யாணம். குழந்தை குனிந்து எடுத்தது. வெள்ளை வந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாதிக்குப் பாதி வாய்ப்பில் இவள் முடிவு கண்டுவிட்டாள், ஆயிரம் கல்யாணத்தைப் பார்த்த புரொபசரால் முடியவில்லையே என்று நினைத்துக்கொண்டே பிரகாரத்தைச் சுற்றினேன். யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை.

என் கல்யாணத்துக்கு முன்பே அக்கா போய்விட்டாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்லாமலே இருந்திருக்கலாமோ?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது, இல்லை என்று சொல்லவும் வந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

மாமாவோடு வாலாஜாபாத்தில் மில்லுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தோம். வயிற்றில் பிள்ளை தங்கியதும் அவரைக் கொட்டை திரும்பி வந்தது. அவரிடம் அதைப் பேசவில்லை. ஒன்றும் ஆகாது என்று நம்பிக்கொண்டிருக்கிற மனுஷனைக் கெடுப்பானேன்? பெண் பிறந்தாள். மருத்துவச்சி கையில் கொடுத்ததும் விரல்களை எண்ணினேன். கண்ணெதிரே விளக்கை ஆட்டிப் பார்த்தேன். நாள் போகப்போக ஒரு கெட்ட பழக்கம் வந்தது. மாமா மில்லுக்குப் போனதும் தூளிக்குப் பின்னால் போய்க் கைதட்டுவேன். திரும்பினால் அடுப்படிக்குப் போவேன். கொஞ்ச நேரத்தில், தட்டியதற்குத்தான் திரும்பினாளா, சும்மா திரும்பினாளா என்று சந்தேகம் வரும். மறுபடி போய்த் தட்டுவேன். ஒரு நாள் தட்டித் தட்டியும் திரும்பவில்லை. சளி பிடித்துக் காது அடைத்திருந்தது என்று நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த நாலு நாளும் மாமாவுக்குச் சிரித்த முகத்தோடு சோறு போட்டேன்.

ஒரு மத்தியானம் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு சீக்கிரம் திரும்பிவிட்டேன். மில்லில் அன்றைக்கு நெல் வரத்து இல்லையாம், மாமா வீட்டில் இருந்தார். தூளிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பித்தளைத் தட்டு, ஒரு கையில் கரண்டி. மெதுவாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கழுத்தை நீட்டிக் குழந்தை முகத்தைப் பார்த்தார். ஓசைப்படாமல் மறுபக்கம் நகர்ந்து போய் இன்னொரு தட்டு. தடுமாறாமல் செய்தார். நிறைய நாள் செய்து பழகிய கை.

குடத்தோடு நின்றேன். "இன்னா பண்ற மாமா?"

"சும்மா... வெளையாட்டு காட்டிக்கினு கீறேன்."

"எத்தினி நாளா?"

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொறந்ததுலருந்து" என்றார். அப்புறம் எல்லாம் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாலேயே, பம்ப்செட்டில் என்னிடம் பேசிய அடுத்த நாளே, காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு டாக்டரைக் கேட்டிருக்கிறார். டாக்டர் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

குடத்தை இறக்கினேனா, போட்டேனா, நினைவில்லை. தண்ணீர் கொட்டியது மட்டும் நினைவிருக்கிறது. "அப்போ ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுன்னு ஏன் சொன்ன? உனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சிக்கினு நான் ஒருத்தியே இங்க செத்துக்கினு கீறேன்!"

"நீ பயந்துக்கினு நின்ன. நானும் பயந்தா அப்பறம் யாரு கட்டிக்கறது?"

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா கேடு?"

"நீ சொன்னியா?"

"நான் ஏன் சொல்லணும்? நீதான் மலை மாதிரி கீறியே!"

"எங்க மலை? தெனம் மில்லுல இன்ஜின் பக்கத்துல நின்னுக்கினு இதே நெனப்புதான்!"

அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினோம். எனக்கு அழுகையும் வந்தது. ஈரத் துணியால் அவர் தோளில் ரெண்டு போட்டேன். திடீரென்று அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தூளியைக் காட்டினார். குழந்தை கண்ணை அகல விரித்துக்கொண்டு, நான் கத்தும்போது என் பக்கமும் அவர் கத்தும்போது அவர் பக்கமுமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. இப்போது சத்தம் நின்றதும் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நடுவில் பார்த்தது.

அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அவருக்கும் ஆறவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"இந்தா" என்று தட்டையும் கரண்டியையும் என்னிடம் நீட்டினார். "நீ அந்தப் பக்கம் போயி தட்டு. நான் மூஞ்ச பாக்கறேன்."

வாங்கிக்கொண்டு போய்த் தட்டினேன்.